பாணை நிறுத்த முதல் இரத்தத்தைச் சோதியுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

விசுவமடுவில் பதினொரு வருடமாகப் புட்டும் இடியப்பமும் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். என் மகளின் வயிற்று வலியோடு நாங்கள் பட்ட அலைச்சல் இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. 2009இல் செட்டிகுளம் முகாமில் நிவாரண மாவில் சுட்ட றொட்டி சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை. இரண்டு வருடத்துக்கு முன் சாப்பிட்டதும் வயிறு ஊதி, முறுக்கி வலிக்கத் தொடங்கியது. ஒருநாள் வயிற்றோட்டம், மறுநாள் மலச்சிக்கல். ஒரு வைத்தியர் காஸ்ட்ரிக் என்று குளிசை தந்தார். இன்னொருவர், "ஒன்றுமில்லை பிள்ளை, யோசிக்கிறதைக் குறையும்" என்றார். பஸ்ஸில் வீடு வரும் வரை அழுதாள்.

அப்புறம் கைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுக் கோதுமையை அடியோடு விட்டாள். பாதிச் சுகம் வந்தது. சரி, நோய் பிடிபட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டோம்.

அங்கேதான் பிழைவிட்டோம். யாழ்ப்பாணத்தில் பார்த்த குடல் வைத்தியர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். சீலியாக் நோய் என்பது கோதுமை, பார்லி, றை ஆகியவற்றிலுள்ள குளுட்டன் என்ற புரதம் பட்டதும் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் சடைமுளைகளை அழிக்கிற நோய். உலகில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. சிலருக்கு வயிறே வலிக்காது. இரும்புக் குளிசை போட்டும் தீராத இரத்தச்சோகையாக மட்டும் தெரியும். அந்த எதிர்ப்புச் சக்தி இரத்தத்தில் உண்டாக்கும் ஒரு பிறபொருளெதிரியை வைத்துத்தான் முதலில் சோதிக்கிறார்கள். கோதுமையை நிறுத்தினால் அது குறைந்துவிடும், குடலும் ஆறத் தொடங்கும். நோய் உள்ளவருக்கும் 'இல்லை' என்று முடிவு வரலாம்.

அதனால் ஆறு வாரம் தினமும் பாண் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். அந்த ஆறு வாரமும் அவள் சுடுதண்ணீர்ப் போத்தலை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்ததைப் பார்த்திருக்க எனக்கு முடியவில்லை. முதலிலேயே இரத்தம் கொடுத்திருந்தால் அது தேவைப்பட்டிருக்காது.

முடிவு வந்தது: சீலியாக் இல்லை, ஐ.பி.எஸ்., அதாவது குடலில் காயம் எதுவும் தெரியாமலே வயிற்று வலியும் வயிற்றோட்டமும் மலச்சிக்கலும் வந்து வந்து போகும் கோளாறு. அப்படியென்றால் கோதுமையை விட்டதும் ஏன் சுகம் வந்தது? கோதுமையில் குளுட்டன் மட்டுமல்ல, புரக்டான் என்ற ஒரு மாச்சத்தும் உண்டு. நம் குடலால் அதைச் சமிக்க முடியாது. பெருங்குடலில் புளித்து வாயுவாகிறது. நோர்வேயில் 59 பேரிடம் செய்து 2018இல் வெளியான ஆய்வொன்றில், குளுட்டன் ஆகாது என்று தாங்களே நம்பியவர்களுக்குக் குளுட்டனைவிடப் புரக்டானே கூடுதலாக வயிற்றை ஊதவைத்தது. அந்தப் புரக்டான் வெங்காயத்திலும் உள்ளியிலும் நிறைய இருக்கிறது. பாணை விட்ட என் பிள்ளை மூன்று நேரமும் சம்பலும் உள்ளி போட்ட பருப்பும்தான் சாப்பிட்டாள்! இப்போது கறியை உள்ளியும் வெங்காயமும் இல்லாமல், வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி போட்டு வைக்கிறேன். பாண் கொஞ்சம் சாப்பிடுகிறாள்.

'யோசிக்கிறதைக் குறை' என்ற வைத்தியருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஐ.பி.எஸ். போன்ற கோளாறுகளைக் குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்பில் வரும் கோளாறுகள் என்று 2016இலேயே நிபுணர்கள் வகுத்துவிட்டார்கள். இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகளும் மனதை வருத்தும் சம்பவங்களுக்கும் வயிற்று வலிக்கும் தொடர்பு கண்டிருக்கின்றன. வன்னிப் பிள்ளைகள் போரில் பட்டதை நான் சொல்லவா வேண்டும்? அதற்காக வலி பொய்யாகிவிடாது.

சீலியாக் உள்ளவர்களின் பாடு வேறு. ஆயுள் முழுக்கத் துளி கோதுமையும் ஆகாது. கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். நான் விற்கும் புட்டிலும் அரைவாசி அவித்த கோதுமை மாதான். வாங்குகிற பலர் அரிசி மா என்றே நினைக்கிறார்கள். ஆகவே வலி உள்ளவர்கள் பாணை நிறுத்த முதல் வைத்தியரிடம் இந்த இரத்தச் சோதனையைக் கேளுங்கள். மாவட்டத்து ஆஸ்பத்திரிகளிலேயே இரத்தம் எடுத்து அனுப்ப வழி செய்யுமாறு சுகாதாரத் திணைக்களத்தையும் கேட்கிறேன்.

எங்கள் பக்கத்தில் சீலியாக் உறுதியான யாராவது இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தனிப் பானையில், தனி நீத்துப்பெட்டியில், வீட்டில் இடித்த அரிசி மாவில் மட்டும் அவித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
விசுவமடு