ஏரா

பனிமய மாதா துணை

தூத்துக்குடி
12.08.2024

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் திருவிழாவுக்குப் பத்து நாளும் கோயிலுக்கு நடந்தே போய்வந்தாள். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயும் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதி அக்கா மகளிடம் கொடுக்கிறேன், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவாள். படிக்காமல் எடு என்று சொல்லியிருக்கிறேன். அவள் படிக்காமலா இருப்பாள்.

இந்த மாதப் பணம் வந்தது. எப்போதும் 15,000 வரும், இந்தத் தடவை 8,000. அனுப்பியவர் பெயர் வேறு யாருடையதோ. பேங்கில் கேட்டதற்கு, கூட வேலை பார்ப்பவராக இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. மஸ்கட்டில் இப்போது வெயில் எப்படி? யாரிடமும் வட்டிக்கு மட்டும் வாங்கிவிடாதே. நம் தெருவில் வட்டிக்கு வாங்கி வலையையும் வள்ளத்தையும் தொலைத்தவர்கள் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும்.

தாத்தா வள்ளத்தைப் பழுது பார்க்கிறதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கணக்கு நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். 2019-ல் ஆரம்பித்ததிலிருந்து இதுவரை 7,36,000 ஆகியிருக்கிறது. மரம் மட்டுமே மூன்று லட்சத்துக்கு மேல். அப்புறம் வள்ளத் தச்சர் ஓடாவிக்குக் கூலி, பலகை இடுக்கை அடைக்கிற கலப்பத்துக்குப் பஞ்சு, குங்கிலியம், எண்ணெய், ஆணி, கொட்டகை வாடகை. டிசம்பர் வெள்ளத்தில் போன அயினிப் பலகைகளும் இதில் சேர்த்திதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, நம் கொட்டகையில் இடுப்பளவு நின்றது. மிதந்து போன பதினொரு பலகையில் இரண்டைத்தான் கண்ணால் பார்த்தேன். அதில் ஒன்றை யாரோ ஆட்டுக் கொட்டிலுக்குக் கதவாகப் போட்டிருக்கிறார்கள். நான் போய்க் கேட்கவில்லை. இந்தக் காசுக்கு இன்ஜினோடு புது பைபர் படகே வாங்கியிருக்கலாம் என்று அக்கா வீட்டுக்காரர் வருகிறபோதெல்லாம் சொல்கிறார். அவர் சொல்வது சரியாகவும் இருப்பதுதான் எனக்கு எரிச்சல்.

நீ ஓமானில் அந்தச் சூர் ஊருக்குப் போய்வந்த பிறகுதானே இது ஆரம்பித்தது. அந்தக் கப்பலின் பேர் வாயில் நுழையாமல் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன், ஃபத் அல் கைர். 1951-ல் அந்த ஊரிலேயே கட்டினது, கைமாறி ஏமனுக்குப் போய்விட்டதை ஊர்க்காரர்கள் காசு சேர்த்து 1993-ல் திரும்ப வாங்கிவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று எத்தனை போட்டோ அனுப்பினாய். "அவங்க கப்பலுக்கு அப்படின்னா, நம்ம தாத்தா வள்ளத்துக்கு?" என்று கேட்டாய். அன்றைக்குத் துறையில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், என் மகன் இப்படிக் கேட்கிறான் என்று. தாத்தா 1961-ல் கடைசி முத்துக்குளிப்பில் இறங்கினவர். அப்புறம் சங்குக்கு மூழ்கி, இரண்டு காதும் போய், அந்தக் காசில் இறக்கின வள்ளம். உனக்கு அந்த நினைப்பு இருந்ததே, அது போதும் எனக்கு.

ஆனால் அங்கே காசு போட்டது ஒரு ஊர். வாங்கிவந்த கப்பலும் கரையில்தான் நிற்கிறது. இங்கே நீ ஒருத்தன் சம்பளம். இதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ கேட்டிருக்க மாட்டாய், அது வேறு விஷயம். அந்தப் பிடிவாதமும் தாத்தாவுடையதுதான்.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுத மூன்று நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

ஆரம்பித்த முதல் மாதம், அடிப்பலகை இரண்டைக் கழற்றியதும் ஓடாவி சுத்தியலால் ஏராவை, வள்ளத்துக்கு முதுகெலும்பு மாதிரி இருக்கிற அந்த அடிமரத்தை, தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் கணீரென்றது. நடுவைத் தாண்டியதும் பொத்துப் பொத்தென்றது. உளியை வைத்தார், தட்டாமலே கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. ஆணித் துருவும் மழைத் தண்ணீரும் சேர்ந்து தின்றிருக்கிறது. புழுவை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், கடல் தண்ணீரில் மரம் கெடாது, மழைத் தண்ணீர்தான் எமன் என்று தாத்தா எனக்குப் பத்து வயதில் சொல்லிக்கொடுத்தார். அவர் போனபிறகு ஏழெட்டு மழைக்காலம் ஓலைகூட மூடாமல் அதைக் கரையில் போட்டுவைத்தவன் நான். அந்த வருசங்களில் நான் எப்படிக் கிடந்தேன் என்று உனக்குத் தெரியும்.

ஓடாவி அன்றைக்கே சொல்லிவிட்டார். "அண்ணாச்சி, ஏரா போச்சுன்னா வள்ளமே போச்சு. இதைச் சரி பண்றதுக்குப் புதுசா ஒண்ணு கட்டிரலாம்." உன்னிடம் நான் என்ன சொன்னேன்? இரண்டு வங்கு, பக்கத்து விலா மரம்தான், மாற்ற வேண்டுமாம் என்றேன்.

அதற்கு முன்னால் அஞ்சு வருசமாக நீ அம்மாவுக்குத்தான் போன் போடுவாய். நான் எடுத்தால் "அம்மாட்ட கொடுங்க" என்பாய். வள்ளம் ஆரம்பித்தபிறகு ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வாசல் ஏறுவதற்குள் என் போன் அடிக்கும். எந்தப் பலகை ஆச்சு, எத்தனை ஆணி, ஓடாவி என்ன சொல்றார். வேலை முடிந்தால் இது நின்றுவிடும், முடியாது என்று சொன்னாலும் நின்றுவிடும் என்று எனக்குப் பயம். அதனால் ஓடாவியை மேல் வேலையே பார்க்கச் சொன்னேன். அழுகின ஏராவுக்கு மேல் புதுப் பலகை. உனக்கு அனுப்பின போட்டோவெல்லாம் பெயின்ட் அடித்த பக்கம். கூலி வாங்கக் கை கூசுகிறது என்று ஓடாவி இரண்டு மாதம் வராமல் இருந்தார். அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, திரும்பக் கூட்டிவந்ததும் நான்தான். அந்தக் காசு உனக்கு எப்படி வருகிறது என்று தெரிந்தும் செய்தேன்.

கீழத்தெருப் பையன் லீவில் வந்திருந்தான். நீ ரூம் மாறிவிட்டாய், ஒரே ரூமில் எட்டுப் பேர் என்றான். இன்னும் என்னவோ சொல்ல வந்தவன், அம்மா தண்ணீர் கொண்டுவருவதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். நானும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

திங்கட்கிழமை வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். புது ஏரா போடுவதென்றால் வங்கு முழுவதையும் கழற்ற வேண்டும், இன்னும் நாலு லட்சமாவது ஆகும். ஓடாவிக்கும் எழுபது ஆகிறது, அவர் மகனே பைபர் வேலைக்குப் போய்விட்டான். கையில் மிச்சம் 41,000 இருக்கிறது. உன் கணக்கில் போடச் சொல்லியிருக்கிறேன், அதைத் திருப்பி அனுப்பாதே. இனி எதுவும் அனுப்பாதே. வட்டிக்கு வாங்காதே. கொடியேற்றத்துக்கு வருவாய் என்று அம்மா கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கிப் போட்டாள், அது இன்னும் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. டிக்கெட் எடுக்க வேண்டுமென்றால் சொல், அக்கா வீட்டுக்காரர் எடுத்துத் தருவார். திட்டிக்கொண்டேதான் எடுத்துத் தருவார். எதற்கு வந்தாய் என்று இந்த வாசலில் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

நீ போட்ட காசு, கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. கோபத்தையாவது என் போனில் கூப்பிட்டுச் சொல்.

மரக்கடைக்காரர் அடுத்த செவ்வாய் வந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். உன்னிடம் பேசாமல் விலை பேச மாட்டேன். சுக்கானை மட்டும் எப்படியும் கொடுப்பதாக இல்லை, நாலு பேரை வைத்து மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டேன். துணி காயப்போட இடைஞ்சல் என்று அம்மா இரண்டு நாளாகச் சத்தம் போடுகிறாள்.

இப்படிக்கு,
அப்பா