எர்விங்கின் 11,662 புள்ளிகள்: என்.பி.ஏ. ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.வின் ஆணையர் திரு. ஆடம் சில்வர் அவர்களும், அவ்வமைப்பின் புள்ளிவிவரப் பிரிவினரும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கூடைப்பந்து வரலாற்றில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர்கள் என்று தங்கள் அமைப்பு முன்வைக்கும் பட்டியலில், 1967 முதல் 1976 வரை என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக ஒன்பது பருவங்கள் நடந்த ஏ.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கம்) லீக்கின் புள்ளிகளையும் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். இரு லீக்குகளின் கணக்கையும் கூட்டிய பட்டியல் பழைய ஆண்டுக் கையேடுகளில் ஓரிடத்தில் அச்சானதுண்டு என்பதை அறிவேன். நான் கேட்பது அப்படி ஒதுங்கிய பக்கத்தை அன்று. தொலைக்காட்சித் திரையிலும் இணையத்திலும் செய்தியாளர்களுக்குத் தரும் குறிப்புகளிலும் முதலில் கண்ணில் படும் பட்டியலைத்தான்.

அந்தப் பட்டியலுக்குத் தாங்களே எவ்வளவு மதிப்பு அளிக்கிறீர்கள் என்பதை 2023 பிப்ரவரி 7 அன்று உலகம் கண்டது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஓக்லஹோமா சிட்டி அணிக்கு எதிராக லெப்ரான் ஜேம்ஸ் எடுத்த ஒரு கூடை, கரீம் அப்துல் ஜப்பாரின் 38,387 புள்ளிகளைக் கடந்தபோது ஆட்டமே நிறுத்தப்பட்டது. அரங்கில் இருந்த கரீம் எழுந்து வந்தார். தாங்களும் களத்தில் நின்றீர்கள். 1984 ஏப்ரல் 5 அன்று வில்ட் சேம்பர்லைனிடமிருந்து கரீம் பெற்ற முதலிடம் ஏறத்தாழ 39 ஆண்டுகளுக்குப் பிறகு அன்று கைமாறியது. அடுத்த ஆண்டு மார்ச் 2 அன்று லெப்ரான் 40,000 புள்ளிகளை எட்டினார். சேம்பர்லைன் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்ததும் 1962ஆம் ஆண்டின் அதே மார்ச் 2தான் என்பது எண்களில் ஊறியவர்களுக்குக் கிடைத்த சிறு விருந்து. ஆட்டத்தையே நிறுத்தும் அளவுக்கு மதிப்புள்ள ஒரு கணக்கில், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற முடிவுக்கும் அதே அளவு பொறுப்பு உண்டு.

ஜூலியஸ் எர்விங்கை எடுத்துக்கொள்வோம். 1971இல் வர்ஜீனியா ஸ்குவயர்ஸ் அணியில் தொடங்கி, பின்னர் நியூயார்க் நெட்ஸ் அணியில் என ஏ.பி.ஏ.வில் அவர் ஐந்து பருவங்கள் ஆடி 11,662 புள்ளிகள் எடுத்தார். மூன்று முறை அந்த லீக்கின் புள்ளிச் சராசரியில் முதலிடம் பெற்றார். நெட்ஸுக்கு இரண்டு பட்டங்கள் வென்று தந்தார். அதன் பிறகு என்.பி.ஏ.வின் பிலடெல்பியா அணியில் 11 பருவங்கள் ஆடி எடுத்தவை 18,364. இரண்டையும் கூட்டினால் 30,026. 1987 ஏப்ரல் 17 அன்று பிலடெல்பியாவில் இந்தியானா பேசர்ஸுக்கு எதிராக 38 புள்ளிகள் எடுத்து அவர் 30,000த்தைத் தாண்டியபோது, அந்த உயரத்தை அதற்கு முன் தொட்டிருந்தவர்கள் சேம்பர்லைனும் கரீமும் மட்டுமே. அமெரிக்கப் பத்திரிகைகளும் தொழில்முறைக் கூடைப்பந்தின் மூன்றாமவர் என்றே அவரைக் கொண்டாடின. அன்று எதிரே ஆடிய பேசர்ஸ் அணியும் ஏ.பி.ஏ.விலிருந்து வந்த அணிதான். ஆனால் தங்கள் பட்டியலில் எர்விங் முதல் ஐம்பது பேருக்குள்கூட இல்லை. என்.பி.ஏ. கணக்கில் மட்டும் 30,000த்தைக் கடந்தவர்களில் எட்டாமவராக 2025 பிப்ரவரியில் கெவின் டுரான்ட் சேர்ந்தார். அப்போது வெளியான பெயர்ப் பட்டியல்களைப் படித்த இளம் ரசிகருக்கு, அந்த உயரத்தை 38 ஆண்டுகளுக்கு முன்பே எட்டிய இன்னொருவர் இருந்தார் என்று தெரிய வழியில்லை.

எர்விங் ஒருவரின் குறை மட்டுமாக இது இருந்தால் இவ்வளவு நீட்டி எழுதியிருக்க மாட்டேன். டான் இஸ்ஸல் இரு லீக்குகளிலும் சேர்த்து 27,482 புள்ளிகள் எடுத்தவர்; அது எல்வின் ஹேஸின் 27,313ஐயும், ஹக்கீம் ஒலாஜுவானின் 26,946ஐயும் விட அதிகம். தங்கள் கணக்கில் அவருக்கு இருப்பவை 14,659தான். ஏறத்தாழப் பாதி வாழ்க்கையே காணாமற் போயிருக்கிறது. பள்ளியிலிருந்து நேராக ஏ.பி.ஏ.வின் யூட்டா ஸ்டார்ஸ் அணிக்கு வந்த மோசஸ் மலோனுக்கு 29,580 புள்ளிகளுக்குப் பதிலாக 27,409. ஜார்ஜ் கெர்வினுக்கு 26,595க்குப் பதிலாக 20,708. ஆர்ட்டிஸ் கில்மோருக்கு 24,941க்குப் பதிலாக 15,579. ரிக் பேரியின் நிலை இவற்றுள் விசித்திரமானது: கல்லூரிக் கூடைப்பந்து, என்.பி.ஏ., ஏ.பி.ஏ. ஆகிய மூன்றிலும் புள்ளிச் சராசரியில் முதலிடம் பெற்றவர் அவர் ஒருவரே என்பது எல்லா நூல்களிலும் பெருமையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தப் பெருமையின் ஒரு பகுதியான 6,884 ஏ.பி.ஏ. புள்ளிகள் அவருடைய மொத்தத்தில் சேர்வதில்லை. ஏ.பி.ஏ.வின் ஒன்பது பருவங்களையும் கென்டக்கி கர்னல்ஸ் அணிக்கே ஆடி 13,726 புள்ளிகளுடன் அந்த லீக்கின் முதல்வராக நின்ற லூயி டேம்பியருக்கோ, பிறகு சான் அன்டோனியோவில் வயதான காலத்தில் ஆடிய மூன்று பருவங்களின் புள்ளிகள் மட்டுமே மிச்சம்.

இதற்குத் தங்கள் தரப்பு விளக்கம் தெரிந்ததே. 1976 ஜூனில் டென்வர், இந்தியானா, நியூயார்க் நெட்ஸ், சான் அன்டோனியோ ஆகிய நான்கு அணிகளும் தலைக்கு 32 லட்சம் டாலர் கட்டணம் செலுத்தி என்.பி.ஏ.வில் சேர்ந்தன, ஏட்டில் அது இணைப்பு அன்று, விரிவாக்கம், ஆகவே பழைய லீக்கின் கணக்கு வேறு, புதியதின் கணக்கு வேறு. சட்டக் காரணங்களுக்காக அன்று அப்படி எழுதியிருக்கலாம். ஆனால் நடந்தது என்ன? அணிகள் வந்தன, ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஏ.பி.ஏ. முதல் பருவத்திலிருந்தே வைத்திருந்த மூன்று புள்ளிக் கோட்டை (அதற்கு வெளியிலிருந்து எறியும் கூடைக்கு மூன்று புள்ளிகள்) 1979இல் என்.பி.ஏ.வும் வரைந்துகொண்டது. 1976இல் டென்வரில் ஏ.பி.ஏ. நட்சத்திர ஆட்டத்தின் இடைவேளையில் எர்விங் வென்ற டங்க் போட்டியை (உயரத் தாவிப் பந்தைக் கூடைக்குள் அழுத்தும் போட்டி), 1984இல் அதே டென்வரில் என்.பி.ஏ. மீண்டும் தொடங்கியது. கடையை வாங்கியவர் சரக்கையும் பணியாட்களையும் வாடிக்கையாளரையும் வைத்துக்கொண்டு, பற்றுவரவு ஏட்டை மட்டும் தெருவில் போட்டது போல இருக்கிறது இது.

மேலும், வேறு பெயரில் நடந்த லீக்கின் கணக்கைச் சேர்ப்பதில்லை என்பது தங்கள் மரபும் அன்று. என்.பி.ஏ. என்ற பெயர் 1949இல்தான் பிறந்தது. அதற்கு முந்திய மூன்று பருவங்கள் பி.ஏ.ஏ. என்ற பெயரில் நடந்தவை. 1946-47இல் பிலடெல்பியாவின் ஜோ ஃபல்க்ஸ் எடுத்த 1,389 புள்ளிகளை என்.பி.ஏ.வின் முதல் புள்ளி முதல்வர் என்ற பட்டத்தோடு தாங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். 75ஆம் ஆண்டு விழாவையும் 1946இலிருந்து எண்ணியே கொண்டாடினீர்கள். ஆனால் 1949இல் பி.ஏ.ஏ.வோடு இணைந்த என்.பி.எல். லீக்கின் கணக்கு சேரவில்லை. அக்காலத்தின் பெரும் புள்ளிக்காரரான ஜார்ஜ் மைக்கன் அந்த லீக்கில் ஆடிய இரண்டு பருவங்களும், டால்ஃப் ஷேய்ஸின் முதல் பருவமும் வெளியே நிற்கின்றன. ஏ.பி.ஏ. தொடங்கியபோது அதன் முதல் ஆணையராக அமர்ந்தவர் இதே மைக்கன் என்பதால், ஒரு மனிதரே இருமுறை இந்தக் கோட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார் எனலாம்.

ஏ.பி.ஏ.வின் தரம் தாழ்ந்தது, அங்கே புள்ளி எடுப்பது எளிது என்ற வாதமே அடிக்கடி கேட்பது. இதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்: அந்த லீக்கின் தொடக்கப் பருவங்கள் தள்ளாடின, ஆண்டுதோறும் அணிகள் ஊர் மாறின, சில பருவத்தின் நடுவிலேயே கலைந்தன. ஆனால் பி.ஏ.ஏ.வின் முதல் பருவம் முடிந்ததும் 11 அணிகளில் நான்கு மூடப்பட்டன. எறிந்த பந்துகளில் மூன்றில் ஒன்றுகூடக் கூடைக்குள் விழாத காலம் அது. அந்தத் தள்ளாட்டம் ஃபல்க்ஸின் கணக்கை அழிக்கவில்லை. ஏ.பி.ஏ.வின் பிற்பகுதியோ எதிர் லீக்குக்கு நிகராகவே நின்றது. இரு லீக்குகளின் அணிகளும் பருவத்துக்கு முன் மோதிய 155 காட்சி ஆட்டங்களில் 79ஐ ஏ.பி.ஏ. அணிகள் வென்றன. காட்சி ஆட்டங்களை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்றால், இணைப்புக்கு அடுத்த பருவத்தையே பாருங்கள்: 1977 நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வான 24 பேரில் பத்துப் பேர் ஏ.பி.ஏ.விலிருந்து வந்தவர்கள், அதன் சிறந்த ஆட்டக்காரர் எர்விங். டென்வர் 50 வெற்றிகளோடு தன் பிரிவில் முதலிடம் பெற்றது. பிலடெல்பியாவும் போர்ட்லாந்தும் மோதிய இறுதித் தொடரில் இரு பக்கத்துத் தொடக்க ஐவரிலும் சேர்த்துப் பாதிப்பேர் முன்னாள் ஏ.பி.ஏ. ஆட்டக்காரர்கள்.

புள்ளி எடுப்பதைப் பற்றியே பேசுவதானால் 1978 ஏப்ரல் 9ஐ மறக்க முடியாது. பருவத்தின் கடைசி நாளான அன்று பகலில் டேவிட் தாம்சன் 73 புள்ளிகள் எடுத்துச் சராசரியில் முந்தினார்; செய்தி எட்டிய பின் இரவில் களமிறங்கிய கெர்வின் 63 எடுத்து, 27.15க்கு எதிராக 27.22 என்ற கணக்கில் முதலிடத்தை மீட்டார். என்.பி.ஏ.வின் வரலாற்றில் இவ்வளவு நெருக்கமான புள்ளிப் போட்டி வேறில்லை; அதை ஆடிய இருவருமே ஏ.பி.ஏ.வில் வளர்ந்தவர்கள். எளிய லீக்கில் கை பழகியவர்களால் கடினமான லீக்கில் இது எப்படி முடிந்தது என்று யாரேனும் விளக்கினால் கேட்டுக்கொள்வேன்.

ஏ.பி.ஏ.வைச் சேர்த்தால் உலகத்து லீக்குகளையெல்லாம் சேர்க்க வேண்டாமா, பிரேசிலின் ஆஸ்கர் ஷ்மிட் எடுத்ததாகச் சொல்லப்படும் 49,737 புள்ளிகளை என்ன செய்வது என்று கேட்பவர்களும் உண்டு. அது வேறு கணக்கு. 1984இல் நெட்ஸ் அழைத்தும் போகாமல், பிரேசில், இத்தாலி, ஸ்பெயின் லீக்குகளிலும் தாய்நாட்டு அணிக்காகவும் ஆடியவர் அவர். அந்த லீக்குகள் இன்றும் தத்தம் நாட்டில் நடக்கின்றன, அவற்றின் ஏடுகளை அவையே காக்கின்றன. ஏ.பி.ஏ.வின் ஏட்டைக் காக்க என்.பி.ஏ.வைத் தவிர வேறு வாரிசு இல்லை.

அமெரிக்காவின் மற்ற விளையாட்டுகளில் இதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. தன்னோடு இணைந்த ஏ.எஃப்.எல். லீக்கின் கணக்கை அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். முழுமையாக ஏற்றுக்கொண்டது. பேஸ்பால் அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போய், நிறவெறியால் ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பின லீக்குகளின் கணக்கை 2024இல் தன் ஏட்டில் சேர்த்தது; அதனால் மட்டையடிச் சராசரியில் டை காபின் நெடுநாளைய முதலிடம் ஜாஷ் கிப்சனுக்குப் போனது. ஐஸ் ஹாக்கியில் மட்டும் எதிர் லீக்கின் கணக்கைச் சேர்ப்பதில்லை என்ற பழைய பிடிவாதம்தான் இன்னும். முதலிடம் பறிபோகும் என்று தெரிந்தே பேஸ்பால் அதைச் செய்தது. கூடைப்பந்தில் அந்தச் சங்கடமும் இல்லை. ஏ.பி.ஏ.வைச் சேர்த்தாலும் லெப்ரானும் கரீமும் கார்ல் மலோனும் கோபி பிரையன்டும் மைக்கேல் ஜோர்டானும் அவரவர் வரிசையிலேயே இருப்பார்கள்.

ஏ.பி.ஏ.வின் கடனைப் பணமாகச் செலுத்த என்.பி.ஏ. தயங்கியதுமில்லை. 1976இல் சேர்த்துக்கொள்ளப்படாத செயின்ட் லூயிஸ் அணியின் உரிமையாளர்கள், வந்து சேர்ந்த நான்கு அணிகளின் தொலைக்காட்சி வருவாயில் ஏழில் ஒரு பங்கை எக்காலத்துக்கும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். 2014இல் அந்த ஒப்பந்தத்தைப் பெருமளவு முடித்துவைக்க 50 கோடி டாலர் தரவேண்டியிருந்தது. என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டமும் ஆடாத அணிக்கு இத்தனை கோடி! யூட்டாவுக்குப் பிறகு அந்த அணிக்காகவும் ஓடியாடிய மோசஸ் மலோனின் புள்ளிக்கு மட்டும் மதிப்பில்லை. 2022இல் முன்னாள் ஏ.பி.ஏ. ஆட்டக்காரர்கள் சுமார் 115 பேருக்காக 2.45 கோடி டாலர் ஒதுக்கியதற்காக என்.பி.ஏ.வையும் ஆட்டக்காரர் சங்கத்தையும் மனமாரப் பாராட்டுகிறேன். அவர்களுடைய உழைப்பை அங்கீகரிக்கும் தொகை என்றே அது வழங்கப்பட்டது. உழைப்பை அங்கீகரித்த பிறகு, அந்த உழைப்பில் விளைந்த எண்களை ஒதுக்கிவைக்க என்ன காரணம் மிஞ்சுகிறது?

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை. வாழ்நாள் புள்ளிப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் என்.பி.ஏ., ஏ.பி.ஏ., மொத்தம் என மூன்று பத்திகள் அமைத்து, மொத்தத்தின்படி வரிசைப்படுத்துங்கள். எது எங்கே எடுத்தது என்பது வெளிப்படையாக இருக்கும்போது யாரும் ஏமாற்றப்படுவதில்லை. ஒருவர் முன்னவரைக் கடக்கும்போது வெளியிடும் அறிவிப்பிலும் அந்த மொத்தத்தையே கொள்ளுங்கள். ஆண்டுதோறும் தரும் புள்ளி முதல்வர் பட்டங்களைக் கலக்க வேண்டியதில்லை. கானி ஹாக்கின்ஸ் முதல் எர்விங் வரை ஏ.பி.ஏ.வின் முதல்வர்கள் தனி வரிசையாகவே இருக்கட்டும். என்.பி.எல். காலத்துப் புள்ளிகளையும் இதே முறையில் இன்னொரு பத்தியாகச் சேர்க்கலாம். அவற்றைச் சரிபார்க்கக் காலம் எடுக்கும் என்றால் அது பிறகு வரட்டும், ஏ.பி.ஏ. காத்திருக்க வேண்டாம்.

இதனோடு ஒட்டிய சிறு விஷயம் ஒன்றையும் குறிப்பிடுகிறேன். 2023 டிசம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த பருவ இடைத்தொடரின் இறுதியாட்டத்தில் ஆண்டனி டேவிஸ் எடுத்த 41 புள்ளிகள் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. பிளே-ஆஃப் எனும் பட்டச் சுற்றின் கடைசி இடங்களுக்காக நடக்கும் பிளே-இன் ஆட்டங்களின் புள்ளிகளும் பருவக் கணக்கிலோ பிளே-ஆஃப் கணக்கிலோ சேருவதில்லை. கணக்கில் வராத புள்ளிகளைத் தங்கள் காலத்திலும் புதிதாக உருவாக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால், புள்ளிவிவரப் பிரிவு இந்தக் கோரிக்கைகளைப் பரிசீலிக்க உட்காரும்போது இவற்றுக்கும் ஓர் ஏற்பாடு செய்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கூடைப்பந்து வரலாற்றைத் தொடர்ந்து படித்துவரும் ஒரு தமிழ் வாசகன்