காயிலை மாற்றுவதற்கு முன்னால்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். குன்னூரில் மழை விட்டபாடில்லை என்றாயே, அந்தக் குளிரில் ஈரத் தலையோடு பேங்குக்குப் போகாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

இனி உன் புல்லட் விஷயம், வழியில் நின்று நின்று படுத்துகிறதே, அது. நேற்று போனில் நான் சொல்லச் சொல்ல நீ "ம்ம், ம்ம்" என்று கொட்டிக்கொண்டே இருந்தாய். பாதி மண்டையில் ஏறவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பார்சலோடு இதையும் எழுதி வைக்கிறேன். அங்கே உள்ள மெக்கானிக் காயில் போய்விட்டது, பேட்டரிக்குக் கரண்ட் தயாரிக்கிற ஸ்டேட்டரையும் மாற்றிவிடலாம், பாயிண்ட்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாம் என்கிறார். அவர் சொல்வதில் ஏதாவது ஒன்று சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் சொல்கிறார். புல்லட் கிளம்பவில்லை என்றால் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பது ஒரு வழி. சம்பளம் முழுக்கப் போனபிறகு, கடைசியில் ஒரு வயர் நுனியில் பச்சை பூத்திருப்பது தெரியவரும்.

உன் வண்டி 1996 மாடல். பன்னிரண்டு வோல்ட், பாயிண்ட் செட். கரண்ட் பேட்டரிக்கு வருகிறதா, அதிலிருந்து போகிறதா என்று முள்ளால் காட்டுகிற ஆம்ப் மீட்டர் ஹெட்லைட் மண்டைமேலேயே இருக்கிறது. இந்தக் காலத்து வண்டியில் அது கிடையாது. பலர் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வண்டியில் எனக்குப் பிடித்ததே அதுதான். வாய் திறந்து பேசாத குறைதான், மற்றபடி எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

கரண்ட் போகிற பாதையை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள். பேட்டரி பிளஸ்ஸில் கிளம்பி ஃபியூஸ், அங்கிருந்து ஆம்ப் மீட்டர், அப்புறம் சாவி ஸ்விட்ச், அதைத் தாண்டிப் பொறிக்கான மின்சாரத்தைக் கிளப்புகிற காயில், காயிலிலிருந்து ஒட்டியும் பிரிந்தும் ஸ்விட்ச் மாதிரி வேலை செய்கிற பாயிண்ட், பாயிண்ட் வழியாக எர்த், அதாவது வண்டியின் இரும்பு உடம்பு. பாயிண்ட் ஒட்டியிருக்கும்போது காயிலுக்குள் கரண்ட் ஓடிக் காந்தம் ஏறும். எஞ்சின் சுற்றி, பாயிண்ட் பிரிகிற அந்த நொடியில் காந்தம் சடாரென்று விழும். அப்போதுதான் பிளக்கில் பொறி அடிக்கும். பாயிண்ட் பிரியும்போது அதன் முனையிலேயே பொறி பறந்து வீணாகாமல் பார்த்துக்கொள்வது கண்டன்சர். அவ்வளவுதான் சமாச்சாரம்.

காலையில் கிளம்பவில்லை என்றால் உடனே கிக்கரை மிதி மிதி என்று மிதிக்காதே. சாவியைப் போடு. முள்ளைப் பார். மைனஸ் பக்கம் மூன்று நான்கு ஆம்ப் சாய்ந்தால் பாயிண்ட் ஒட்டியிருக்கிறது, கரண்ட் பாதை முழுசாக இருக்கிறது. சாயாமல் நடுவிலேயே நின்றால் பயப்படாதே, பாயிண்ட் பிரிந்த இடத்தில் எஞ்சின் நின்றிருக்கலாம். கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்து. முள் ஒரு இடத்தில் மைனஸுக்குப் போகும், இன்னொரு இடத்தில் நடுவுக்குத் திரும்பும். இப்படிப் போய்ப்போய் வந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. எவ்வளவு சுற்றியும் நடுவிலேயே கிடந்தால் எங்கேயோ பாதை அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்ட் முகத்தில் எண்ணெயோ ஈரமோ படிந்திருக்கிறது. எவ்வளவு சுற்றியும் மைனஸிலேயே கிடந்தால் பாயிண்ட் பிரியவே இல்லை, அல்லது பாயிண்ட்டுக்குப் போகிற வயர் எங்கோ பாடியில் உரசுகிறது, இல்லையா, கண்டன்சர் உள்ளே ஷார்ட். பாயிண்ட் கவரைத் திறக்காமலே இவ்வளவும் தெரிந்துவிடும்.

கிளப்புவதற்கும் அதே முள்தான் வழி. கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வா, கம்ப்ரஷன் வந்து கால் கெட்டியாக நிற்கும். கம்ப்ரஷனை வெளியே விடுகிற டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து இன்னும் ஒரு பொட்டு அழுத்து, மைனஸில் இருந்த முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்து. லீவரை விட்டுவிடு. கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பு எடையை முழுசாக வைத்து ஒரே மிதி, அடிவரைக்கும். பாதி மிதியில் காலை எடுத்தால்தான் திருப்பி அடிக்கும். கணுக்கால் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒழுங்காக மிதித்தும் திருப்பி அடிக்கிறது என்றால் டைமிங், அதாவது பொறி அடிக்கிற நேரம், முன்னால் போயிருக்கிறது, பாயிண்ட் தட்டுக்குப் பின்னால் இருக்கிற அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அதை நீ தொடவேண்டாம், எனக்குச் சொல்.

குன்னூர் ஈரத்துக்குப் பாயிண்ட்தான் முதல் சந்தேகம். வலது பக்கம் டைமிங் கவர்மேல் இரண்டு ஸ்குரூ போட்ட சின்ன மூடி இருக்கும், அதைக் கழற்று. உள்ளே வியர்த்திருக்கும் பார். பழைய போஸ்ட் கார்டு மாதிரித் தடித்த, வழவழப்பில்லாத காகிதத்தைப் பாயிண்ட் இடையில் விட்டு, ஒட்டவைத்து இழு. கறுப்பாக வரும். சுத்தமாக வரும்வரை இழு. முகத்தில் மேடு பள்ளம் விழுந்திருந்தால் பார்சலில் வைத்திருக்கும் புதுசைப் போட்டுவிடு. பாயிண்ட் அதிகமாகப் பிரிந்த நிலையில் இடைவெளி 0.35இலிருந்து 0.40 மி.மீ. இருக்கவேண்டும், அதை அளக்கிற ஃபீலர் கேஜும் வைத்திருக்கிறேன். புதுப் பாயிண்ட்டின் ஃபைபர் குதி, பாயிண்ட்டைத் தள்ளிப் பிரிக்கிற கேமில் உரசித் தேயும், தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் பின்னுக்குப் போகும். ஆகவே போட்ட கொஞ்ச நாளில் மறுபடி ஒருமுறை அளந்துவிடு. கேமில் ஒரு துளி கிரீஸ், அதற்கு மேல் வைக்காதே. தெறித்துப் பாயிண்ட்டில்தான் போய் ஒட்டும்.

முள் நகரவே இல்லை என்றால் டெஸ்ட் லேம்பை எடு. பார்சலில் மஞ்சள் துணியில் சுற்றியிருக்கிறது: ஒரு இண்டிகேட்டர் பல்பு, ஹோல்டர், இரண்டு நீள வயர், அவ்வளவுதான். ஆன்லைனில் மீட்டர் வாங்கிவிட்டேன் என்றாய், நல்லது, அதுவும் இருக்கட்டும். ஆனால் மீட்டர் ஒரு விஷயத்தில் ஏமாற்றும். உள்ளே பத்து இழை அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருக்கிற வயரிலும் அது பன்னிரண்டு வோல்ட் என்று காட்டும், ஏனென்றால் அது கரண்டை இழுப்பதே இல்லை. பல்பு இழுக்கும். வயர் சொத்தை என்றால் அழுதுகொண்டே எரியும்.

ஒரு வயரை எஞ்சினில் பெயின்ட் இல்லாத இடமாகப் பார்த்து எர்த் கொடு. இன்னொரு வயரைப் பேட்டரி பிளஸ்ஸில் வை. பளிச்சென்று எரிந்தால் பேட்டரியும் நல்லது, எஞ்சின் எர்த்தும் நல்லது. மங்கலாக எரிந்தால் எர்த் நுனியை நேராகப் பேட்டரி மைனஸில் வைத்துப் பார். அங்கே பளிச்சென்றால் எர்த் வயர்தான் கோளாறு. பழைய புல்லட்டில் இது ரொம்ப சகஜம், பெயின்ட் அடிக்கும்போது எர்த் போல்ட்டுக்கு அடியிலும் சேர்த்து அடித்துவிடுவார்கள். சுரண்டி, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவு. அப்புறம் ஃபியூஸின் இரண்டு பக்கம், ஆம்ப் மீட்டரின் இரண்டு பக்கம், சாவியைப் போட்டு ஸ்விட்சின் உள்ளே வருகிற வயர், வெளியே போகிற வயர், காயிலின் பிளஸ் என்று வரிசையாக வை. எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் பல்பு சுணங்குகிறதோ அங்கேதான் நோய். கடைசியாகக் காயிலின் பாயிண்ட் பக்கம் வைத்துக் கிக்கரை மெதுவாக அழுத்து. பாயிண்ட் பிரியும்போது எரியும், ஒட்டும்போது அணையும். இங்கே பல்பு கொஞ்சம் மங்கலாக எரிவது சரிதான், காயில் வழியாக வருகிற கரண்ட் அது. ஒன்று மட்டும் ஞாபகம் வை: எஞ்சின் ஓடாமல் சாவியைப் போட்டபடி விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதே. பாயிண்ட் ஒட்டியிருந்தால் காயில் கொதித்துப்போகும், பேட்டரியும் இறங்கிவிடும்.

இன்னொன்று, இதைச் சோதிக்க ஒரு சாமானும் வேண்டாம். முள் மைனஸில் இருக்கும்போது ஹேண்டில்பாரை இடதுகோடி வலதுகோடி திருப்பு. முள் துள்ளினால் ஹெட்லைட்டுக்குள் நுழைகிற இடத்தில் வயர் உள்ளுக்குள்ளேயே முறிந்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் சட்டென்று ஆஃப் ஆகிறது, நேர் ரோட்டில் ஒழுங்காகப் போகிறது என்று நீ சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது பர்லியார் பக்கம் வந்து நின்றுவிடுகிறது, டீ குடித்துவிட்டு வந்தால் கிளம்பிவிடுகிறது என்கிறாயே, அது வேறு கதை. அதை வைத்துத்தான் மெக்கானிக் காயில் என்கிறார். இருக்கலாம். சூட்டில் காயில் படுப்பது உண்டு. ஆனால் கண்டன்சரும் அதேபோலத்தான் படுக்கும், விலையோ காயிலில் ஒரு துளி. பெட்ரோல் டேங்க் மூடியில் காற்றுத் துவாரம் அடைத்தாலும் இதேபோலத்தான் நிற்கும். ஆகையால் நின்ற உடனே, டீக்கடைக்குப் போவதற்கு முன்னால், டேங்க் மூடியைத் திறந்து மூடு. உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கிறதா கவனி. இழுத்து, கொஞ்சம் பொறுத்து மிதித்ததும் கிளம்பினால் துவாரத்தைச் சுத்தம் செய், கதை முடிந்தது. இல்லாவிட்டால், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிளக்கைக் கழற்று. கை சுடும், துணி பிடித்துக்கொள். கேப்போடு சேர்த்து ஹெட்டின் ஃபின்னில் படும்படி வைத்து, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வை, உள்ளேயிருந்து பெட்ரோல் ஆவி வரும். இன்சுலேஷன் உள்ள கட்டிங் பிளேயரால் பிடித்துக்கொண்டு மிதி. நீலமாகச் சடக் சடக்கென்று அடித்தால் கரண்ட்டைக் குறை சொல்லாதே, பெட்ரோல் பக்கம் போ. செம்மஞ்சளாகச் சோகையாக அடித்தாலோ, அடிக்கவே இல்லையென்றாலோ முதலில் கண்டன்சரை மாற்று. அதற்கும் சரியாகவில்லை என்றால், காயில் சூடாக இருக்கும்போதே அதன் இரண்டு சின்ன முனைக்கும் நடுவில் மீட்டரை வை. மூன்று நான்கு ஓம் காட்டவேண்டும். ஆறவிட்டு அளந்தால் எந்தக் காயிலும் நல்ல காயில்தான். இதிலும் தேறாவிட்டால் காயிலை மாற்றிக்கொள், நானே பணம் அனுப்புகிறேன்.

இரவில் பாயிண்ட் மூடியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பாயிண்ட்டைப் பார்த்தாலும் தெரியும். சின்னதாகப் பொறி மின்னுவது சகஜம். பாயிண்ட்டே தீபாவளி கொண்டாடினால் கண்டன்சர் காலி.

பேட்டரியை இரவு சும்மா நிற்கும்போது அளந்து பார், 12.6 பக்கம் இருந்தால் முழு சார்ஜ். 12க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் போடாமல் வேறு எதையும் சோதிக்காதே, எல்லாமே தப்பாகத்தான் காட்டும். ஸ்டேட்டர் போய்விட்டது என்கிறாரே, எஞ்சினை ரேஸ் செய்து பேட்டரி முனையில் 14 வோல்ட் பக்கம் வருகிறதா பார். வந்தால் ஸ்டேட்டர் உயிரோடு இருக்கிறது என்று அவரிடம் மரியாதையாகச் சொல்லிவிடு. மாறாக, எப்போதும் முள் பிளஸ்ஸில் முட்டிக்கொண்டு நின்று, பல்புகள் அடிக்கடி பியூஸ் போனால் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கிற ரெகுலேட்டரைச் சந்தேகப்படு.

பிளக் கறுப்பாகப் புகை பிடித்து வருவதற்கு நீ கவலைப்படவேண்டாம். குன்னூர் 1,800 மீட்டருக்கும் மேலே, மதுரைக் காற்றுக்குச் செட் செய்த கார்புரேட்டர் அங்கே பெட்ரோலை அதிகமாகத்தான் ஊட்டும். ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வை, சோக்கைச் சீக்கிரம் இறக்கு. கார்புரேட்டர் ஊசியில் கிளிப்பை ஒரு படி மேலே மாற்றலாம், ஆனால் அதோடு மதுரைக்கு ஓட்டி வந்தால் எஞ்சின் சூடேறும். நாலைந்து நாள் எடுக்காமல் மழையில் நின்றிருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தைத் திறந்து கொட்டிவிடு. இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது.

எலக்ட்ரானிக் போடுவதற்கு நான் எதிரி இல்லை, நன்றாகவே ஓடும். வயரிங்கைச் சரி செய்யாமல் போட்டால் அதுவும் இதே எர்த்தில்தான் நிற்கும். தவிர, பர்லியாரில் நின்றால் பாயிண்ட்டை நீயே காகிதம் போட்டுத் துடைத்துவிட்டு வரலாம். எலக்ட்ரானிக் பெட்டியை யாராலும் துடைக்க முடியாது.

பார்சல் நாளை காலை பஸ்ஸில் மேட்டுப்பாளையம் வந்துவிடும், அங்கே வாங்கிக்கொள். பாயிண்ட், கண்டன்சர், பிளக், ஃபீலர் கேஜ், டெஸ்ட் லேம்ப், கண்ணாடி ஃபியூஸ் நாலு. அடியில் இருக்கிற டப்பா அம்மா வைத்த பருப்புப்பொடி, கிரீஸ் டப்பாவோடு சேர்த்து வைக்காதே என்று சண்டை போட்டு மேலும் இரண்டு கவர் சுற்றியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார். பல்பு எந்த இடம்வரை நன்றாக எரிந்தது, எந்த இடத்தில் மங்கியது என்று ஒரு தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா