டிசையரும் அந்தக் கடைப் பட்டியலும்

கோவை

அன்புள்ள ராஜு,

மூன்று மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபப்படாதே. வீட்டில் எல்லோரும் சுகம். சுந்தரம் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரைக் கண்ணாடி போடாமலே படிக்கிறார். திருமங்கலம் டீக்கடைப் பந்தயத்தில் நீ தரவேண்டியது இன்னும் பாக்கி. சேதி இவ்வளவுதான். புதுக் காரில் மாட்டவேண்டிய சாமான் என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்து, நேற்று ராத்திரி நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்ததிலிருந்து மனசு நிலைகொள்ளவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மாருதி டிசையரில் விஎக்ஸ்ஐ மாடலை புக் பண்ணியது நல்ல முடிவு. மூர்த்தி வந்து பானெட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து "தகரம்டா" என்று சொல்லியிருப்பான். அவன் எந்த வண்டியைத்தான் தட்டாமல் விட்டான்! அவனிடம் இதைச் சொல்: வெளியே தெரியும் தகடு வண்டியின் பலத்தைச் சொல்லாது. பலமெல்லாம் உள்ளே, கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நிற்கும் தூணிலும், கதவுக்கு நடுவில் நிற்கும் தூணிலும், காலடியில் ஓடும் சட்டத்திலும் இருக்கிறது. முன்பக்கம் நசுங்குவதற்கென்றே செய்தது. அது நசுங்கி அடியை வாங்கிக்கொண்டால்தான் உட்கார்ந்திருக்கும் கூடு கலையாமல் நிற்கும். மோதிய வண்டியைப் பார்த்தால் எஞ்சின் பக்கம் அப்பளமாகியிருக்கும், கதவு கையால் இழுத்தால் திறக்கும். அப்படியென்றால் அந்த வண்டி தன் வேலையைச் செய்திருக்கிறது.

பாதுகாப்புக்குக் கொடுக்கும் ஸ்டாரைப் பற்றிக் கேட்டிருந்தாய். வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் என்ற அமைப்பு 2022-இல் சோதித்த பழைய ஸ்விஃப்டுக்கு ஒரே ஒரு ஸ்டார்தான், கூடும் நிலையற்றது என்று எழுதினார்கள். அதே கம்பெனியின் இந்தப் புது டிசையர் 2024 நவம்பரில் பெரியவர்களுக்கு 34-க்கு 31.24 வாங்கி ஐந்து ஸ்டார், குழந்தைகளுக்கு 49-க்கு 39.20 வாங்கி நான்கு ஸ்டார். பிறகு நம் நாட்டுச் சோதனையான பாரத் என்கேப்பில் பெரியவர்களுக்கு 32-க்கு 29.46, குழந்தைகளுக்கு 49-க்கு 41.57, இரண்டிலும் ஐந்து. ஆனால் குழந்தை மதிப்பெண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார். அங்கே ஐந்து ஸ்டாருக்கு 41 வேண்டும். அரை மார்க் வித்தியாசத்தில் தாண்டியிருக்கிறது. அதனால் பேத்திக்கு வாங்கும் சீட்டை ஏனோதானோ என்று வாங்காதே. குழந்தை சீட்டை நேராக வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உன் வண்டியில் உண்டு. இரண்டு பக்கமும் 'கிளிக்' சத்தம் கேட்கவேண்டும், சீட்டில் இருக்கும் அடையாளம் பச்சையாகவேண்டும், மேலே வரும் நாடாவைப் பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொக்கியில் மாட்டி இறுக்கவேண்டும். அந்த மேல் நாடாவைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மறந்தால் மோதும்போது சீட் முன்னால் சாய்ந்து குழந்தையின் தலை முன்சீட்டில் போய் அடிக்கும்.

இந்த ஸ்டாரை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் உன் பட்டியலைப் பார்த்து நான் ஏன் பதறினேன் என்பது புரியும். மணிக்கு 64 கிலோமீட்டரில், வண்டி அகலத்தில் 40 சதவீதம் மட்டும் படும்படி, நசுங்கும் அலுமினியத் தேன்கூட்டுச் சுவரில் மோதவிடுகிறார்கள். 50-இல் பக்கவாட்டில் ஒரு தள்ளுவண்டி வந்து இடிக்கும். 29-இல் கம்பத்தில் பக்கவாட்டாகப் போய் மோதும். வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும். பொம்மைகள் எல்லாம் பெல்ட் போட்டிருக்கும். நீ துவரங்குறிச்சி தாண்டியதும் 110-க்கு ஏற்றுவாயே, அதை விடு, 100 என்றே வைத்துக்கொள். 64-இல் இருக்கும் மோதல் சக்தியைவிட அது ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அந்த வேகத்துக்கு எந்த ஸ்டாரும் உத்தரவாதம் தராது.

இன்னொன்று, அம்மா விஷயம். முன்மோதல் சோதனையில் பெரியவர் பொம்மைகள் இரண்டும் முன்சீட்டில்தான். பின்சீட்டில் இருப்பது ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைப் பொம்மைகள். பின்னால் உட்காரும் பெரியவரைப் பற்றி அந்த மதிப்பெண் ஒன்றும் சொல்வதில்லை. அம்மா உட்காருவது பின்சீட்டில். பின்சீட் பெல்ட் போடாதவர் மோதலில் முன்னால் இருப்பவரையும் சேர்த்து நசுக்கிவிடுவார். அம்மாவுக்குப் பெல்ட் கழுத்தில் அறுக்கிறது, வயிற்றில் அழுத்துகிறது என்பார்கள். கீழ்ப்பட்டி வயிற்றின் மேல் போகக்கூடாது, இடுப்பெலும்பில் தாழ்வாக உட்காரவேண்டும். புடவை மடிப்பை ஒதுக்கிவிட்டு, பட்டியைக் கீழே தள்ளி, மேல்பட்டியை ஒருமுறை இழுத்து இறுக்கினால் சரியாகும். முதுகுக்கு மெத்தை வைக்காதே. மெத்தை அமுங்கும், பெல்ட் தொளதொளவென்றாகும், உடம்பு கீழ்ப்பட்டிக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகும்.

இப்போது பட்டியல். முதல் வரியில் இருக்கும் பெல்ட் அலாரம் நிறுத்தும் கிளிப்பைப் பேனாவால் அடித்துவிடு. இருநூறு ரூபாய்ச் சாமான், அதைச் சொருகினால் உன் ஆறு ஏர்பேக்கும் பாதி வீண். பெல்ட் இல்லாமல் முன்னால் பாயும் முகத்தை, விரிந்துகொண்டே வரும் ஏர்பேக் தாங்காது, அடிக்கும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைகளில் இருந்து இந்தக் கிளிப்பை எடுக்கச் சொல்லி, பதிமூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. கடைக்காரர் கல்லாவில் மட்டும் இன்னும் தொங்குகிறது.

இரண்டாவது, பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கார்டு. வேண்டவே வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதைப் பிடிக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அபராதம் போனால் போகட்டும். அந்த இரும்புக் குழாயை நேராகச் சட்டத்தில் போல்ட் போடுகிறார்கள். நசுங்கவேண்டிய இடத்துக்கு முன்னால் நசுங்காத ஒன்று வந்து நிற்கிறது. அடி நேராக உள்ளே போகும். ஏர்பேக் சென்சார், வண்டி எந்த வேகத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கும் கெடும். குறுக்கே வருகிறவன் கதி என்ன என்பதையும் நினை.

சீட் கவரில்தான் நீ கட்டாயம் ஏமாறுவாய் என்று பயப்படுகிறேன். முன்சீட் முதுகுச் சாய்வில், கதவுப் பக்க ஓரத்தில், ஏர்பேக் என்று எழுதிய சின்னத் துணிச்சீட்டு தைத்திருக்கும், தடவிப் பார். பக்கவாட்டு ஏர்பேக் அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். இடிக்கிற கதவுக்கும் உன் விலாவுக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான், அதனால் கண் இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் விரிந்தாகவேண்டும். அதன்மேல் தடிமனான ரெக்ஸின் கவரை இரட்டைத் தையலில் இழுத்துப் பூட்டினால் பை விரியாது, அல்லது கோணலாக முன்னால் விரியும். ஏர்பேக்குக்கு ஏற்ற கவர் என்று எல்லாக் கடைக்காரரும் சொல்வார்கள். கவரை உள்பக்கம் திருப்பிக் காட்டச் சொல். அந்த ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு நூல் வேறு மாதிரி இருக்கும், மெல்லிய நூல், பெரும்பாலும் வேறு நிறம், சுலபமாக அறுந்துவிடும்படி தைத்தது. மற்ற தையல் மாதிரியே ஒரே நூலில் ஓடியிருந்தால் வாங்காதே. மாட்டும்போது சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரியும். மஞ்சள் என்றால் ஏர்பேக் வயர். அதைக் கடைப் பையன் கழற்றவே கூடாது.

ரோட்டைப் படம் பிடிக்கும் டேஷ்கேம் நல்ல யோசனை, பொருத்து. ஆனால் வயரை முன்தூண் வழியாக இறக்கும்போது பிளாஸ்டிக் மூடிக்குள் ஜன்னலை மறைத்து விரியும் திரைச்சீலை ஏர்பேக் மடித்து வைத்திருக்கும். வயர் அதற்குப் பின்னால் போகவேண்டும். முன்னால் போனால் ஏர்பேக் விரியும்போது வயரையும் கேமராவையும் சேர்த்து வீசும். மின்சாரத்துக்கு ஃப்யூஸ் பெட்டியிலிருந்து தனி இணைப்பு எடுக்கும் 'ஃப்யூஸ் டாப்' போடச் சொல். கம்பெனி வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றினால் கோடையில் பசை இளகி அவிழ்ந்து உரசும். இந்த மாதிரி ஒட்டிலிருந்து வண்டி தீப்பிடிக்கவும் கூடும். வாரண்டியும் போகலாம்.

பிள்ளையாரைப் பற்றிச் சொல்ல எனக்கே தயக்கம். தங்கச்சி கோவிலில் பூஜை போட்டு வைத்திருக்கும் அந்தப் பித்தளைப் பிள்ளையாரை இடது பக்க டாஷ்போர்டில் ஒட்டாதீர்கள். அந்த மூடியில் ஏர்பேக் என்று புடைப்பாக எழுதியிருக்கும். அது திறக்கும்போது மேலே இருக்கும் எதுவும் தோட்டாவாகி, அங்கே உட்கார்ந்திருப்பவர் முகத்துக்குத்தான் வரும். நடுவில், சின்னதாக, தட்டையான படமாக வைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சி ஓட்டும்போது ஸ்டீயரிங்கை அணைத்துக்கொண்டு உட்காருவாள். மார்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் 25 சென்டிமீட்டராவது இருக்கவேண்டும். சீட்டைப் பின்னால் தள்ளினால் கால் எட்டவில்லை என்றால் சாய்வைக் கொஞ்சம் பின்னால் விட்டு, ஸ்டீயரிங்கைக் கீழே இறக்கு.

டயருக்கு வருகிறேன். விஎக்ஸ்ஐ-க்கு வருவது 165/80 R14. மொத்த விட்டம் கணக்குப் போட்டால் 619.6 மில்லிமீட்டர். கடைக்காரர் எழுதியிருக்கும் 205/65 R15 என்பது 647.5. நாலரை சதவீதம் பெரிது. மீட்டர் 100 காட்டும்போது நீ 104-க்கு மேல் போய்க்கொண்டிருப்பாய். ஐந்து பேர் ஏறி முழுசாகத் திருப்பினால் உள்மட்கார்டில் உரசும், பிக்கப் மந்தமாகும், பிரேக்குக்கு வேலை கூடும், பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும், வண்டி சறுக்காமல் பிடிக்கும் இஎஸ்பியும் வேறு சக்கரத்துக்குப் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு தடுமாறும். டிசையரின் மேல் மாடலான இசட்எக்ஸ்ஐ-க்குக் கம்பெனியே 185/65 R15 கொடுக்கிறது. அதன் விட்டம் 621.5. வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர்தான். அலாய் ஆசை அடங்கவில்லை என்றால் அந்த அளவே போடு, ரிம் அகலமும், சக்கரம் எவ்வளவு உள்ளே நிற்கிறது என்ற ஆஃப்செட்டும் இசட்எக்ஸ்ஐ ரிம்மில் இருப்பதே இருக்கட்டும். அளவுக்குப் பின்னால் இருக்கும் சுமை எண் இப்போது இருப்பதைவிடக் குறையக்கூடாது. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 88 என்றால் 560. இன்சூரன்ஸ்காரர்களிடமும் எழுதிக் கொடுத்துவிடு.

கடைசி வரி, மச்சானுக்குக் கொடுக்கப்போகும் பழைய வண்டிக்கு 100/90 வாட் ஹெட்லைட் பல்பு. ராத்திரியில் ரோடு தெரியவில்லை என்ற குறை நியாயம்தான், மருந்துதான் தப்பு. ஹோல்டரைக் கழற்றிப் பார், பிளாஸ்டிக் ஓரம் ஏற்கெனவே காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருக்கும். 60/55 பல்புக்கே அந்தச் சூடு. 100 போட்டால் உருகும், ரிஃப்ளெக்டர் பூச்சும் உரியும். எல்இடியும் அதில் வேண்டாம். ஹாலஜன் இழை நிற்கும் புள்ளியைக் கணக்கிட்டுத்தான் அந்த ரிஃப்ளெக்டரை வளைத்திருக்கிறார்கள். எல்இடி அந்தப் புள்ளியில் நிற்காது, வெளிச்சம் சிதறி எதிரே வருபவன் கண்ணில் போகும். வெள்ளையாகத் தெரியும், தூரம் தெரியாது.

இப்படிச் செய். எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, பேட்டரி முனையில் வோல்ட் மீட்டர் வை. பிறகு பல்பு ஹோல்டருக்குப் பின்னால் வை. அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வெளிச்சத்தைத் தின்பது வயர்தான். மின்னழுத்தம் 5 சதவீதம் குறைந்தாலே ஹாலஜன் வெளிச்சம் 15 சதவீதத்துக்கு மேல் குறையும். பேட்டரி மின்சாரத்தை நேராகப் பல்புக்கு விடும் சுவிட்சான ரிலே இரண்டு, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பீங்கான் ஹோல்டர் வாங்கு. ரிலேயில் 30 என்று எண் போட்ட முனை பேட்டரிக்கு, 87 பல்புக்கு, 86 பழைய ஹோல்டரிலிருந்து வரும் சிக்னலுக்கு, 85 எர்த்துக்கு. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், ஒவ்வொரு ரிலேக்கும் 15 ஆம்பியர் ஃப்யூஸ். எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் கொடு. பல்பு பழைய 60/55-ஆகவே இருக்கட்டும், கண்ணாடியைக் கையால் தொடாதே, விரல் எண்ணெய் பட்ட இடத்தில் சூடேறி வெடிக்கும்.

விளக்கு மூடி மஞ்சளாகியிருந்தால் 1000, 1500, 2000 என்ற எண் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுப் படிப்படியாகத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டு, மேலே வெயிலைத் தடுக்கும் யுவி பூச்சு அடி. பூச்சு இல்லாமல் விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள்தான். பிறகு சுவருக்குப் பத்து மீட்டர் தள்ளி நிறுத்து. லோ பீமின் மேல்விளிம்பு, விளக்கு மையத்தின் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். பிரேக் ஆயிலையும் மாற்றிவிட்டே மச்சானிடம் கொடு. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் இழுத்துவிட்டால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். அவன் கொடைக்கானல் மலை இறங்குகிறவன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியதை அந்த வண்டியில் எப்போது மாற்றினாய், யோசித்துப் பார்.

டெலிவரி அன்று மாலை மரியாதையெல்லாம் முடியட்டும், எலுமிச்சம்பழம் ஏற்றுவதற்கு முன் பத்து நிமிஷம் எனக்காக ஒதுக்கு. சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணையவேண்டும். எரியவே இல்லை என்றாலும் தப்பு, அணையவில்லை என்றாலும் தப்பு. ஐந்து பெல்ட்டையும் சடாரென்று இழுத்துப் பார், பூட்டிக்கொள்ளவேண்டும். டயரில் DOT என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணில் முதல் இரண்டும் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டும் வருஷம். ஸ்டெப்னியிலும் பார். காற்று அளவு டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும், புது வண்டியில் பெரும்பாலும் அதைவிட அதிகமாக அடைத்திருப்பார்கள், வீட்டுக்குப் போகும் வழியிலேயே சரிசெய்.

அம்மாவுக்கு என் வணக்கம். சீட் கவர் கடைக்குப் போனால் உள்பக்கத் தையலைப் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை காசு கொடுக்காதே.

அன்புடன்,
கதிர்