மதுரை யோகா ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

பூங்காக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மொட்டை மாடிகளிலும் விடிவதற்கு முன்பே வந்து எங்களுக்கு யோகா சொல்லித் தரும் உங்கள் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வகுப்பில் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வடசொல்லுக்கும், அதைச் சொல்லும் அந்த இடத்திலேயே, தமிழில் பொருளையும் சொல்லுங்கள். வடமொழிப் பெயர்களைக் கைவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவை பல ஊர்களிலும் பல மொழிகளிலும் பயிலும் மக்களை ஒரே பயிற்சிக்குள் இணைக்கின்றன. அவற்றைத் துறப்பதில் எங்களுக்கு எந்த நன்மையும் இல்லை. ஆனால் பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளை போல ஒப்பிப்பதிலும் நன்மை இல்லை, சில நேரங்களில் தீமையும் நேர்கிறது.

நான் போகும் வகுப்பில் ஒரு நாள் மூச்சுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பூரகம், அந்தர் கும்பகம், ரேசகம் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு முன்வரிசையில், இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடும் ஓர் அம்மா கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கும்பகம் என்றால் மூச்சை நிறுத்துவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரேசகம் என்றால் விடுவது என்பது தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து அவர் விட்டபோது நேரம் கடந்திருந்தது, முகம் வியர்த்திருந்தது. உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை நிறுத்தும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும் என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த எச்சரிக்கை, கும்பகம் என்ற சொல்லின் பொருளைப் புரிந்துகொண்டவருக்கு மட்டுமே பயன்படும்.

இதற்கு வழி புதிதாகத் தேட வேண்டியதும் இல்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் மூச்சுக்கணக்கைச் சொல்லும்போது, பூரகத்திற்கு, அதாவது மூச்சை உள்ளே இழுப்பதற்கு, 16, கும்பகத்திற்கு 64, ரேசகத்திற்கு 32 என்று அளவு கொடுக்கிறார். அவர் அந்த வடசொற்களை விலக்கவில்லை. ஏறுதல் பூரகம், ஆறுதல் கும்பம், ஊறுதல் ரேசகம் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தமிழ்ச்சொல்லை நிறுத்திவிட்டார். கேட்பவருக்கு மூச்சு எங்கே போக வேண்டும் என்பது அப்போதே விளங்கிவிடுகிறது. (அந்த 16, 64, 32 கணக்கைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரமே கொடுக்கும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அது நெடுநாள் பழகியவர்களுக்கு உரியது.)

ஆசனப் பெயர்களிலோ உங்கள் வேலை இன்னும் எளிது, ஏனெனில் அவற்றின் பாதிச் சொற்கள் மதுரைக்காரர்களின் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. அர்த்த மத்ஸ்யேந்திராசனம் என்று தமிழில் எழுதிப் படிக்கும் ஒருவர், அதிலுள்ள 'அர்த்த' என்பதைப் பொருள் என்னும் அர்த்தமாகவே எடுத்துக்கொள்வார். நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. அர்த்தநாரீசுவரரில் உள்ள அதே அர்த்தம், அதாவது பாதி, என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த ஆசனத்தின் பெயரில் உள்ள யோகி மத்ஸ்யேந்திரரையும் மச்சமுனிச் சித்தரையும் ஒருவராகவே கருதும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த மச்சமுனிக்கும் திருப்பரங்குன்றத்திற்கும் உள்ள தொடர்பை இங்குள்ள பெரியவர்கள் பலர் சொல்வார்கள். ஊர்த்துவ என்று தொடங்கும் ஆசனங்களுக்கு மீனாட்சியம்மன் கோயில் கம்பத்தடி மண்டபத்துக்கு அருகே காலை உயரத் தூக்கி நிற்கும் ஊர்த்துவ தாண்டவரை நினைவூட்டுங்கள்; மேல்நோக்கி என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா? தனுராசனத்தின் தனுசு, அதாவது வில், என்பதற்குத் தனுஷ்கோடி இருக்கிறது.

இவற்றைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. யோகத்தின் மூலநூலான பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் ஏறக்குறைய 195. அவற்றுள் ஆசனத்தைப் பற்றியவை மூன்றே மூன்று, அவற்றிலும் எந்த ஆசனத்தின் பெயரும் இல்லை. நிலையாகவும் இதமாகவும் இருப்பதே ஆசனம் என்று சொல்லிவிட்டு அவர் மேலே போய்விடுகிறார். அவர் சொல்லும் யோகத்தின் எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. முதலாவதான இயமத்தில் அடங்கும் அகிம்சை, சத்தியம், அஸ்தேயம் (பிறர் பொருளை விரும்பாமை), பிரமசரியம், அபரிக்கிரகம் (தேவைக்கு மேல் சேர்க்காமை) என்ற ஐந்து சொற்களை நம் வகுப்புகளில் நான் பெரும்பாலும் சுவரொட்டியில்தான் பார்த்திருக்கிறேன், ஒருவரும் விளக்கிக் கேட்டதில்லை.

இந்த ஐந்தும் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. சமண முனிவர்களின் ஐந்து பெருவிரதங்களும் இவையே. பதஞ்சலியும் இவற்றை மகாவிரதம் என்றே அழைக்கிறார். மாங்குளத்திலும் அரிட்டாபட்டியிலும் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்துக் கல்வெட்டுகளோடு இருக்கும் குகைத்தளங்களில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெறும் கற்படுக்கையில் படுத்து அந்த விரதங்களைக் காத்தவர்கள் வாழ்ந்தார்கள். பிறர் பொருளை விரும்பாமை, தேவைக்கு மேல் சேர்க்காமை என்பவற்றை விளக்க அந்தக் கற்படுக்கைகளே போதும். 1921 செப்டம்பரில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறியதும் இதே மதுரையில்தான். அபரிக்கிரகம் அவருடைய ஆசிரம விரதங்களுள் ஒன்று. திருமூலரோ கொல்லான், பொய்கூறான், களவிலான், பகுத்துண்பான் என்று இயமத்தை முழுக்கத் தமிழிலேயே பாடி வைத்திருக்கிறார். இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, சுவரில் தொங்கும் அட்டவணையோடு நாம் நின்றுவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. சுவரில் தொங்கும் அட்டவணையில் ஒவ்வொரு பெயருக்குக் கீழும் பொருளைத் தமிழில் அச்சிடுங்கள். வாரத்தில் ஒரு நாள், கடைசியில் படுத்து ஓய்வெடுக்கும் சவாசனத்திற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, இயமத்திலோ இரண்டாவது அங்கமான நியமத்திலோ ஒரு சொல்லை எடுத்துப் பேசுங்கள். கேள்வி கேட்க எங்களுக்கும் இடம் கொடுங்கள். ஜூன் 21 யோகா நாள் நிகழ்ச்சிக்குப் பள்ளிப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போதும் இதையே செய்யுங்கள். மூச்சுப் பயிற்சியை மட்டும் அதுவரை தள்ளிப்போட வேண்டாம்: நாளைக் காலையிலேயே, எண்ணத் தொடங்கும் முன், இழு, நிறுத்து, விடு என்று ஒருமுறை சொல்லி, யார் யார் நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வகுப்பு மாணவர்களுள் ஒருவர்,
மதுரை