பள்ளியின் மின்செலவைக் குறைத்துத் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

காரைக்குடி வட்டாரத்தில் உள்ள எங்கள் அரசு நடுநிலைப் பள்ளிக்குக் கை கொடுத்த அனைவருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் நன்றி. யார் என்ன செய்தீர்கள் என்பதை விவரமாகவே எழுதுகிறோம். அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கும் உதவட்டும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் முன்னாள் மாணவர்களே, நீங்கள் வாங்கித் தந்த 24 பி.எல்.டி.சி. (மின்சாரம் குறைவாக இழுக்கும் பிரஷ் இல்லாத மோட்டார்) மின்விசிறிகளும் நன்றாக ஓடுகின்றன. பழைய விசிறி 75 வாட் இழுத்தது. இது முழு வேகத்திலும் 32 வாட்தான். தினம் 6 மணி நேரம் ஓடினால் 6 யூனிட்டுக்கு மேல் மிச்சம். 200 பள்ளி நாளுக்கு ஏறக்குறைய 1,240 யூனிட். யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று கணக்கிட்டால் 850 கிலோவுக்கு மேல் கரியமில வாயு குறைகிறது.

அவற்றை மாட்டிய எலெக்ட்ரீஷியன் தம்பி, பழைய ரெகுலேட்டர்களைக் கழற்றிவிட்டு ஸ்விட்சிலிருந்து நேரடி இணைப்பு கொடுத்தார். பலர் இதைச் செய்வதில்லை. ரெகுலேட்டர் மின்னழுத்தத்தைக் குறைத்தால் விசிறிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு திணறிச் சீக்கிரம் போய்விடும். சன்னலோர டியூப் லைட் வரிசையைத் தனி ஸ்விட்சுக்கு மாற்றியதும் அவரே. பகலில் அந்த வரிசை எரியத் தேவையே இல்லை.

எங்களைக் கேட்டால், பிள்ளைகளுக்குப் பெரிய நிம்மதி, வெயில் சூடு வகுப்பறைக்குள் இறங்காமலிருக்க மொட்டை மாடியில் அடித்த சுண்ணாம்புதான். கொத்தனார் அண்ணனும் சித்தாள் அக்காமாரும் முதலில் பாசியைச் சுரண்டி, விரிசல்களை அடைத்தார்கள். கல் சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீர் ஊற்றி நீற்றுவதற்குத் தெருவில் உள்ள ஆச்சி தம் வீட்டுக் கல்தொட்டியைக் கொடுத்தார்கள். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் பள்ளிக்குள் அந்த வேலையே வைக்கவில்லை. மறுநாள் துணியில் வடிகட்டி, தளத்தை நனைத்து, வெயில் ஏறுமுன் மெல்லிசாக மூன்று தடவை அடித்தார்கள். ஒரேயடியாகத் தடிப்பாக அடித்தால் பத்தை பத்தையாக உரியும். உச்சி வெயிலில் அடித்தால் மாவாக உதிரும்.

கணினி ஆய்வக ஆசிரியை மாலையில் யு.பி.எஸ். மெயின் ஸ்விட்சையும் அணைக்கிறார். கோடை விடுமுறையில் பேட்டரி கெட்டுவிடாமல் இடையிடையே வந்து சார்ஜ் ஏற்றிவிட்டுப் போவதற்கும் அவருக்கு நன்றி.

மழையில் சுண்ணாம்பு கரையும். மாசிக் கடைசியில் மறுபடி அடிக்க வேண்டும். ஆச்சி, தொட்டி அப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு