அப்பா பிழைத்தார், அத்தனை பேருக்கும் நன்றி

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். விசாரித்தவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, அதனால் நன்றியையும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் எங்கள் தெரு கிளினிக் டாக்டரம்மாவுக்கு. அப்பா மாதிரி எழுபதைத் தாண்டிய, காலமெல்லாம் சிகரெட் பிடித்த ஒருவர் வந்து, திடீரென்று முதுகும் விலாவும் வலித்து வேர்த்துக் கொட்டுகிறது என்றால் கிட்னி கல் என்று ஊசி போட்டு அனுப்புவதுதான் சுலபம். டாக்டரம்மாவோ அப்பாவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்ததும் ஸ்கேன் கருவியை எடுத்தார். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கீழே கொண்டுபோகும் பெருந்தமனி, வயிற்றில் இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டியது, ஏழுக்கு மேல் வீங்கியிருந்தது. வெடித்துக் கசிவதை அப்புறம் சி.டி. உறுதிசெய்தது.

108 ஆம்புலன்ஸில் வந்த தம்பிக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். பிரஷர் 80தான் காட்டுகிறது, டிரிப்ஸை வேகமாக ஏற்றுங்களேன் என்று நாங்கள் கத்த, அவர் அசரவில்லை, அப்பாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். நினைவு இருக்கும்வரை பிரஷரை உயர்த்தக் கூடாதாம், உயர்த்தினால் கசிவை அடைத்து நிற்கும் ரத்தக்கட்டி பிய்த்துக்கொள்ளும்.

ரத்தநாள சர்ஜன் வயிற்றைக் கிழிக்கவே இல்லை. தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி, அங்கிருந்து தமனிக்குள் கம்பியை ஏற்றி, துணி போர்த்திய ஸ்டென்ட்டை, அதாவது ஒரு கம்பி வலைக் குழாயை, வீக்கத்துக்குள் விரித்துவிட்டார், இனி ரத்தம் அதற்குள்ளேயே ஓடிவிடும். முழு மயக்கம் கொடுத்தால் வயிற்றுத் தசை தளர்ந்து பிரஷர் சட்டென்று விழும் என்பதால் அப்பா விழித்தே இருந்தார், நடுவில் "தண்ணி கிடைக்குமாப்பா" என்று வேறு கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் இது முடியாது, வீக்கத்துக்கு மேலே ஸ்டென்ட் பிடித்து நிற்கக் கொஞ்சமாவது வீங்காத நல்ல தமனி இருக்க வேண்டும். அப்பாவுக்கு இருந்தது, ஆனால் அந்த அளவு ஸ்டென்ட் கையிருப்பில் இல்லை. நள்ளிரவில் அந்த நீள அட்டைப்பெட்டியை பைக்கில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்த டீலர் கடைப் பையனுக்குத் தனி நன்றி.

நாங்கள் பார்க்காதவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1990இல் பியூனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி என்ற சர்ஜன் தைரியமாக இந்த வழியைச் செய்து காட்டினார். பிறகு பெரும்பாலும் பிரிட்டனில் நடந்த இம்ப்ரூவ் ஆய்வு இந்த வழியையும் வயிற்றைத் திறந்து செய்வதையும் ஒப்பிட்டது. அதில் 613 நோயாளிகள், அதுவும் தமனி வெடித்திருக்கிறது என்று டாக்டர்கள் கருதியவர்கள். 30 நாளில் பிழைத்தவர்கள் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, மூன்று வருடத்தில் ஸ்டென்ட் பக்கம்தான் அதிகம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களில் முழு மயக்கம் இல்லாமல் செய்துகொண்டவர்கள் கூடுதலாகப் பிழைத்ததும் அதில்தான் தெரிந்தது. அவர்கள் குடும்பங்களும் எங்களைப் போல வராந்தாவில் நின்றிருக்கும்தானே.

இனி அப்பாவுக்கு வருடாவருடம் ஸ்கேன் உண்டு, சிகரெட் இல்லை. கூடப் பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்றதால் சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாயிற்று, அவருக்கு ஒன்றும் இல்லை. ரத்தம் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போன காலேஜ் பிள்ளைகள் இதைப் படித்தால் ஒரு மெசேஜ் போடுங்கள், அம்மா உங்களைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்கிறாள்.